ஆறு கஜத்தில் இரண்டு

இடுப்பை இறுக்கும் அந்தக் கார்செட் சட்டையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவன் வீட்டில் நாலு பேராவது இருந்திருக்க வேண்டும். முன்பக்கம் முழுக்க அழகு, பின்பக்கம் முழுக்க நாடா. அந்த நாடாவை இழுத்துக் கட்ட இன்னொரு ஜோடிக் கை வேண்டும். தனியாக இருக்கிறவள் என்ன செய்வாள் என்று அந்த மனிதன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

இபிடுன் யோசித்தாள். அதனால்தான் கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால், லாகோஸின் யாபா சந்தையில் ஒரு கடைக் கண்ணாடி முன்னால், முன்பக்கம் கொக்கி வைத்த கறுப்பு வெல்வெட் கார்செட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். மொத்தம் ஒன்பது கொக்கி. அவளே மாட்டிக்கொள்ளலாம், அவளே கழற்றிக்கொள்ளலாம், யாரையும் கெஞ்ச வேண்டாம்.

கண்ணாடி விளிம்பில் சாய்த்து வைத்த கைபேசியில் கோஃபோவின் முகம் தெரிந்தது. கனடாவில் எங்கேயோ, இரண்டு ஸ்வெட்டருக்குள் முகம் மட்டும் வெளியே.

"திரும்பு. இன்னும் கொஞ்சம். ம். சவப்பெட்டிக்கு உள்ள தைக்கிற துணி மாதிரி இருக்குடி. கழட்டு."

கடைக்காரிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, உங்க ஃபிரண்டு பனியில உக்காந்துகிட்டு என் வியாபாரத்தைக் கெடுக்கிறாங்க."

"அம்மா தாயே, உன் வியாபாரம் நல்லா நடக்கட்டும். ஆனா என் ஆளைப் பொணமாக்கி அனுப்பாதே" என்றாள் கோஃபோ.

"இதுல கொக்கி முன்னாடி இருக்குடி" என்றாள் இபிடுன்.

"இருந்தா என்ன?"

என்ன என்று எப்படிச் சொல்வது? முதுகில் நாடா கட்ட நீ இல்லையே என்று சொன்னால் அங்கே ஒருத்தி அழுவாள், இங்கே ஒருத்தி அழுவாள், நடுவில் கடைக்காரி வேடிக்கை பார்ப்பாள். "சும்மா சொன்னேன்" என்றாள்.

"நாம ஒரே துணியில தச்சது எதுக்கு? அலமாரியில பூட்டி வைக்கவா? மொராயோ கச்சேரிக்கு அதைத்தான் போட்டுட்டுப் போகணும் நீ. போகாம கட்டில்ல உக்காந்து மூக்கை உறிஞ்சினேன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான். யாரு கண்டா, கடைசி நிமிஷத்துல நானே வந்து குதிச்சாலும் குதிப்பேன்."

விளையாட்டுப் பேச்சு. இபிடுனுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கடைசி வாக்கியம் அவள் மனசில் போய் ஒட்டிக்கொண்டது. முப்பத்தாறு வயதுப் பெண், பல் ஆஸ்பத்திரியில் நாள் பூராவும் சீட்டு எழுதுகிறவள், இதையெல்லாம் நம்பலாமா என்றால் நம்பக் கூடாதுதான். நம்பினாள்.

அந்தத் துணிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். லாகோஸில் கல்யாணமோ கருமாதியோ, ஒரு வீட்டு மனிதர்கள் எல்லாரும் ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொள்வார்கள். அசோ எபி என்று பேர். கூட்டத்தில் யார் யாருடைய ஆள் என்று துணியே சொல்லிவிடும். இபிடுனுக்கும் கோஃபோவுக்கும் அப்படித் துணி அனுப்ப இந்த நகரத்தில் வீடும் இல்லை, வாசலும் இல்லை. இலோரின் கல்லூரியில் நாலு வருடம் ஒரே அறை, அப்புறம் சுருலேரேயில் ஒன்பது வருடம் ஒரே அறை. ஆகவே அவர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு டிசம்பரும் பாடகி மொராயோவின் வருடக் கடைசிக் கச்சேரிக்கு ஆறு கஜம் அங்காரா என்கிற அச்சுத் துணி வாங்கி, பாதிக்குப் பாதி வெட்டி, ஆளுக்கு ஒன்று தைத்துக்கொள்வது. பார்க்கிறவர்கள் "எந்த வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டால், "எங்க வீடு. மாப்பிள்ளைதான் இன்னும் கிடைக்கல" என்பாள் கோஃபோ.

இந்த வருடம் கருநீலத்தில் சின்னச் சின்ன மஞ்சள் மேசை மின்விசிறி போட்ட துணி. பாலோகுன் சந்தைக்காரி, "இதுதான் கடைசி ஆறு கஜம், இந்த அச்சு இனிமே வராது" என்று சொல்லித்தான் கொடுத்தாள். தையற்காரியிடம் இரண்டு கார்செட் தைக்கச் சொன்னார்கள். கோஃபோவுக்கு ஆரஞ்சு நாடா, இபிடுனுக்குக் கறுப்பு நாடா. அக்டோபரிலேயே பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்கு டிக்கெட் வாங்கியாயிற்று. நவம்பர் இரண்டாவது வாரம் கோஃபோவுக்கு விசா வந்தது. பத்தே நாளில் கிளம்ப வேண்டும். விமான நிலையத்தில் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அடுத்த டிசம்பர் வந்துடுவேன். என் கார்செட்டை வாங்கி உன் அலமாரியில வை, ரெண்டு பேரும் சேந்து போடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இபிடுன் அன்றைக்கே அலமாரியில் ஒரு கொக்கியைக் காலி பண்ணி வைத்தாள்.

வெல்வெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இருபத்துமூன்றாம் தேதி தையற்கடைக்குப் போனாள். ஓஜுவேலெக்பாவில் ஒரு மாடிமேல் எபெரேயின் கடை. பண்டிகை நெரிசலில் படிக்கட்டெல்லாம் பெண்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் திட்டிக்கொண்டிருந்தார்கள். எபெரே கழுத்தில் அளவு நாடாவோடு, வாயில் குண்டூசியோடு, ஒருத்தி திட்டுவதற்கு இன்னொருத்திக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இபிடுனுடையது தயாராக இருந்தது. நல்ல வேலைப்பாடு. கம்பி வைத்த இடம் ஒவ்வொன்றும் நேர்கோடு, மின்விசிறிகள் சரியாக ஒன்றுக்குக் கீழே ஒன்று.

"கோஃபோவோடது?"

"அது இன்னும் முடியல அக்கா. கரண்ட் இல்ல."

"ஜெனரேட்டர் காதைக் கிழிக்குதே."

"அது சின்ன ஜெனரேட்டர் அக்கா. கார்செட் மெஷினுக்குப் பத்தாது."

"அப்ப என்னோடதை எதுல தச்சே, வாயிலயா? போன மாசம் நூல் இல்லேன்னே, போன வாரம் கைவலின்னே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியே, கேக்கறவ என்ன கேனச்சியா?"

படியில் நின்ற பெண்கள் அத்தனை பேரும், அப்படிக் கேளு என்று உச்சுக்கொட்டினார்கள். சாதாரணமாக எபெரே ஒன்றுக்கு நாலாய்த் திருப்பிக் கொடுக்கிறவள். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, "பண்டிகை கழிச்சு வாங்க அக்கா" என்று மட்டும் சொன்னாள். தையற்காரி சொல்லும் தேதியை நம்புகிறவர்கள் லாகோஸில் பிறக்கவே இல்லை. இபிடுன் அதை மாமூல் பொய் என்றே எடுத்துக்கொண்டு வீடு வந்தாள்.

இருபத்தாறாம் தேதி மத்தியானம் உடுத்த ஆரம்பித்தாள். அந்த வளாகத்தில் எட்டு அறை. ஏழில் பூட்டு. கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் போகத்தானே செய்வார்கள். எதிரறைப் பெண்ணாவது இருப்பாள் என்று நினைத்துக் கதவைத் தட்டினாள். பூட்டைப் பார்த்தபிறகும் இன்னொரு தடவை தட்டினாள். பாக்கி இருந்தது வாசலில் பாய் விரித்து வானொலி கேட்கும் காவல்காரர் சானி ஒருவர்தான். முதுகில் நாடா கட்டிவிடுங்கள் என்று அவரிடம் கேட்டால் மனிதர் பாயைச் சுருட்டிக்கொண்டு தன் ஊரான கானோவுக்கே ஓடிவிடுவார்.

கார்செட்டை மாட்டிக்கொண்டாள். கையைப் பின்னால் வளைத்து நாடாவைத் தேடினாள். கிடைத்தது, இழுக்க வரவில்லை. கட்டிலில் குப்புறப் படுத்துப் பார்த்தாள். சுவரில் முதுகை அழுத்திப் பார்த்தாள். போன வருடம் கோஃபோ முழங்காலை இவள் இடுப்பில் ஊன்றி இழுத்து, "மூச்சை உள்ள இழுடி, ஜாலஃப் சோறு நாளைக்குத் தின்னலாம்" என்று சிரித்தது நினைவுக்கு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கோஃபோ மிரட்டியது ஞாபகம் வந்து எழுந்தாள்.

கடைசியில் கதவுதான் உதவியது. இடுப்பருகே நாடாவை வளையமாக உருவி, கதவுக் கைப்பிடியில் மாட்டி, இரண்டடி முன்னால் நடந்தாள். கார்செட் இறுகியது. அப்படியே கயிறு கட்டிய ஆடு மாதிரி நின்றுகொண்டு, கையைப் பின்னால் விட்டு முடிச்சுப் போட்டாள். மேல்பாதி தொளதொள, கீழ்ப்பாதி இறுக்கம். கண்ணாடியில் முன்பக்கம் ராணி மாதிரிதான் இருந்தாள். பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் சானி வானொலியின் ஒலியைக் குறைத்தார். "மேடம், இன்னொரு மேடம் வரலையா?"

அவருக்குத் தெரியும், கோஃபோ பெட்டியோடு போனபோது தூக்கிவிட்டவரே அவர்தான். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். இபிடுனும் பழக்கதோஷத்தில், "வருவா" என்றாள்.

கச்சேரி காயலோரத் திடலில். நாலு மணி என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. ஐந்தரைக்கு இன்னும் மைக் சோதனை நடந்தது. ஹர்மட்டான் பாலைக்காற்றுப் புழுதியில் சூரியன் வெளுத்துக் கிடந்தது. இபிடுன் தன் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் தன் சால்வையை மடித்து வைத்தாள். சுற்றிலும் கும்பல் கும்பலாகச் சிரிப்பு. ஒருத்தி தலைத்துணியை இன்னொருத்தி சரிசெய்கிறாள். நாலு பேர் தலையைச் சேர்த்து வைத்துப் படமெடுக்கிறார்கள். இவள் தன்னைத் தானே ஒரு படம் எடுத்துப் பார்த்தாள், அழித்தாள்.

"இங்க ஆள் வருதா?" என்று ஒருவர் நாற்காலியைக் காட்டிக் கேட்டார்.

"வருது."

பத்து நிமிடம் கழித்து இன்னொரு பெண் கேட்டாள். "வருது, வந்துகிட்டே இருக்கா" என்றாள் இபிடுன். சொல்லச் சொல்ல அவளுக்கே அது உண்மை மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பார்த்தாள். பஃப் பஃப் மாவுருண்டை பொரிக்கிற கடைமுன் நின்ற வரிசையில் ஒரு முதுகு. கருநீலம். மஞ்சள் மின்விசிறி. ஆரஞ்சு நாடா.

அந்த அச்சில் அதுதான் கடைசித் துணி. அதில் ஆரஞ்சு நாடா கேட்டவள் உலகத்தில் ஒருத்திதான். எபெரே ஏன் தலையைக் குனிந்தாள் என்பது சட்டென்று விளங்கியது. இரண்டு பேரும் சேர்ந்து கூத்தடித்திருக்கிறார்கள். வந்து குதிப்பேன் என்றாளே பாவி, குதித்துவிட்டாள். இபிடுன் நாற்காலிகளை இடித்துக்கொண்டு, "எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ" என்று ஓடினாள். கண்ணில் நீர் முட்டி வழியே தெரியவில்லை. போய் அந்தத் தோளை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"கோஃபோ."

திரும்பியது வேறு முகம். இருபத்தைந்து வயதிருக்கும். வாயில் பாதி பஃப் பஃப்.

"அக்கா?"

இபிடுன் கையை எடுக்க மறந்து நின்றாள். பக்கத்தில் நின்ற தோழிகளில் ஒருத்தி இருவரையும் பார்த்துவிட்டுக் கைதட்டினாள். "ஏய் ஃபிசாயோ, உனக்கு அசோ எபி சொந்தம் ஒண்ணு வந்திருக்கு பாரு. எந்தக் கல்யாணம்டி இது, எங்களுக்குச் சொல்லவே இல்ல?"

"இதை எங்க வாங்கினே?" என்றாள் இபிடுன்.

"எபெரேகிட்ட அக்கா. ஓஜுவேலெக்பா. மூணு வாரம் ஆச்சு. தச்சு வச்சிருந்தது, யாரும் போட்டதில்லைன்னு சொன்னா. ஏன், நல்லா இல்லையா?"

மூன்று வாரம். கரண்ட் இல்லை, நூல் இல்லை, கைவலி. இபிடுனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. விலகிப் போய் ஒரு விளக்குக் கம்பத்தடியில் நின்று எபெரேயைக் கைபேசியில் அழைத்தாள். அந்தப் பக்கம் "அக்கா" என்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"திருடி. ஊர்ல இல்லாதவ துணியை வித்துத் தின்னியே, உனக்கு உடம்புல ஒட்டுமா? அவ வந்து கேட்டா நான் என்ன சொல்றது? நாளைக்கு உன் கடைமுன்னால நின்னு மானத்தை வாங்கலேன்னா என் பேரு இபிடுன் இல்ல."

எபெரே முழுக்கக் கேட்டாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"சொல்லிடறேன் அக்கா. ஒரு மாசமா உங்க ஏச்சை வாங்கிக் கட்டிக்கிறேன், போதும் எனக்கு. அவங்களேதான் விக்கச் சொன்னாங்க."

"யாரு?"

"கோஃபோ அக்காதான். பிளேன் ஏற முந்தின நாள் கடைக்கு வந்தாங்க. 'அங்க போனா திரும்பி வர நாலு வருஷம் ஆகுமோ அஞ்சு வருஷம் ஆகுமோ, என் உடம்பு என்ன அளவுல இருக்குமோ, தொங்கவிட்டு என்ன பண்ண? போடறவளுக்குக் குடு'ன்னாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. 'தெரிஞ்சா அவ தன்னோடதையும் போட மாட்டா, கச்சேரிக்கும் போக மாட்டா, கட்டில்லயே கெடப்பா. இன்னும் முடியலன்னு சொல்லிட்டே இரு, தையக்காரி பொய் சொன்னா யாருக்கும் சந்தேகம் வராது'ன்னாங்க. சொல்லிட்டு அந்த மெஷின் மேலயே தலைய வச்சு அழுதாங்க அக்கா."

இபிடுன் அழைப்பைத் துண்டித்தாள். அப்படியானால் விமான நிலையத்தில் கழுத்தைக் கட்டிக்கொண்டு அடுத்த டிசம்பர் என்றபோதே அவளுக்குத் தெரியும். அலமாரியில் காலியாகத் தொங்கும் கொக்கி நினைவுக்கு வந்தது. கோபப்படலாம் என்று பார்த்தாள். கோபம் வரவில்லை. உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப் போய்விட்ட மாதிரி இருந்தது.

ஃபிசாயோ பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முதுகு நாடா கோணல்மாணலா இருக்கு. யாரு கட்டினது?"

"கதவு" என்றாள் இபிடுன்.

அந்தப் பெண் சிரிக்க வாயெடுத்தாள், இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "திரும்புங்க" என்றாள்.

நாடாவை முழுக்க அவிழ்த்து, மேலிருந்து ஒவ்வொரு கண்ணாக இழுத்துக்கொண்டு வந்தாள். கோஃபோவின் கார்செட்டைப் போட்ட பெண், கோஃபோ நிற்கிற இடத்தில் நின்று, கோஃபோ இழுக்கிற மாதிரியே இழுத்தாள். "மூச்சை உள்ள இழுங்க" என்றாள். இபிடுன் இழுத்தாள். வெளியே விட முடியவில்லை, விட்டால் அழுகையாக வரும்.

"ஆச்சு. இப்பத்தான் ராணி. எங்களோட வந்து உக்காருங்களேன் அக்கா, ஒரே துணி, படம் எடுத்தா சூப்பரா இருக்கும்."

தோழிகள் தூரத்திலிருந்து ஃபிசாயோ ஃபிசாயோ என்று கத்தினார்கள். அவர்கள் ஆறு பேர். அவர்களுக்குள் ஏற்கெனவே ஒரு கணக்கு, ஒரு சிரிப்பு இருந்தது. "எனக்கு இடம் இருக்கும்மா" என்றாள் இபிடுன். அந்தப் பெண் ஓடிப் போனாள். ஆரஞ்சு நாடா கூட்டத்தில் கொஞ்ச தூரம் தெரிந்தது.

நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்காரும்போது கைபேசி மணியடித்தது. கோஃபோ. பின்னால் வெள்ளை ஜன்னல். அங்கே இன்னும் முற்பகல்.

"எங்க, காட்டு காட்டு. எழுந்து நில்லு. திரும்பு." இபிடுன் கைபேசியைத் தோளுக்குமேல் தூக்கி முதுகைக் காட்டினாள். "அடி ஆத்தி, எவ்வளவு நேரா கட்டியிருக்கு. யாருடி கட்டினது? எனக்குத் தெரியாம ஆள் பிடிச்சிட்டியா?"

"ஒரு பொண்ணு."

"நல்ல பொண்ணா இருக்கா. சரி, அந்தத் திருடி எபெரே என்னோடதை முடிச்சாளா இல்லையா?"

கேட்டுவிட்டுக் கோஃபோ இமைக்காமல் பார்த்தாள். இல்லை என்று வரும், இரண்டு பேரும் சேர்ந்து தையற்காரியைத் திட்டலாம் என்று காத்திருந்த முகம்.

"முடிச்சிட்டா" என்றாள் இபிடுன். "இப்பத்தான் பாத்தேன். ரொம்ப நல்லா வந்திருக்குடி. ஆரஞ்சு நாடா எடுப்பா இருக்கு."

சிக்னல் நின்றுவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அந்த முகம் அசையவில்லை. பிறகு கண்ணோரம் மட்டும் அசைந்தது.

"இபி."

"ம்."

"அடுத்த டிசம்பர்..." என்று ஆரம்பித்த கோஃபோவுக்கு மேலே வரவில்லை.

"சரிடி. அலமாரியில கொக்கி காலியாத்தான் இருக்கு. நீ எப்ப வரியோ அப்ப வா" என்றாள் இபிடுன். "பாட்டு ஆரம்பிக்குது. வச்சிடறேன்."

பாட்டு ஆரம்பிக்கவில்லை. மேடையில் ஒருவன் இன்னும் "ஒன், டூ" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். இபிடுன் கைபேசியைப் பையில் போட்டாள். உட்கார்ந்தாள். நாடா நன்றாக இறுகியிருந்ததால் முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது, சாய முடியவில்லை.

கையில் பஃப் பஃப் பொட்டலத்தோடு ஒரு வயதான மனிதர் வரிசைக்குள் நுழைந்து, கால் வலியோடு நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். சால்வை இருந்த நாற்காலியருகே நின்றார்.

"இங்க யாராவது வராங்களாம்மா?"

இபிடுன் சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரும் வரலைங்க" என்றாள். "உக்காருங்க."